ஃபைவ் ஸ்ட்ரிங் பேஸ்: கம்பெனிக்காரன் மாத்தித் தராதத பாத்து வாங்கு

தம்பி, உன் கேள்விய மத்தவங்களுக்கும் புரியற மாதிரி ஒருதடவ சொல்லிட்றேன். நீ காட்பாடி பக்கம், சர்ச்ல நாலு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் வாசிக்கிற, ஆடி மாசம் வந்தா ஆர்கெஸ்ட்ராவுக்கும் போற, இப்ப ஃபைவ் ஸ்ட்ரிங் வாங்கணும், கைல 50,000 வரைக்கும் இருக்கு. ஒரு கம்பெனிக்கு மெயில் போட்டு 35 இன்ச் ஸ்கேல் (தல பக்கம் இருக்கற நட்ல இருந்து கீழ பிரிட்ஜ் வரைக்கும் ஸ்ட்ரிங் ஆடற நீளம்), பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் 19 மில்லிமீட்டர் ஸ்பேசிங், நீலக் கலர், மேப்பிள் ஃபிங்கர்போர்ட், ஜாஸ் பிக்கப்பு (ஸ்ட்ரிங் ஆடறத சவுண்டா புடிக்கற பாகம், ஜாஸ் பேஸ்ல வர்ற டைப்பு), இப்படி ஒண்ணு செஞ்சி தருவீங்களான்னு கேட்டிருக்க. அவங்க கலர் வேணா இந்த ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கலாம், மத்ததெல்லாம் கேட்லாக்ல இருக்கற மாதிரிதான்னு பதில் போட்டுட்டாங்க. காசு குடுக்கறது நானு, கலர மட்டும் என்ன தேர்ந்தெடுக்க சொன்னா இன்னாணா அர்த்தம்னு கேக்கற.

கேக்கறது நியாயம்தான். ஆனா அந்த மெயில இன்னொரு தடவ பொறுமையா படி, உனக்கு வேண்டிய பதில் அதுக்குள்ளயே கீது. கம்பெனி எதெல்லாம் மாத்தித் தரேன்னு சொல்றானோ அதெல்லாம் கைக்கும் சவுண்டுக்கும் பெருசா சம்பந்தமில்லாத சமாச்சாரம், கலரு, பிக்கார்டு, சில மாடல்ல ஃபிங்கர்போர்ட் மரம். எதெல்லாம் மாத்த மாட்டேன்றானோ, ஸ்கேல் நீளம், ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் இருக்கற இடைவெளி, நெக்கோட அகலம் கனம், பிக்கப்புக்கு பாடில தோண்டற குழி, அதெல்லாம் நீ வாங்கி வீட்டுக்கு எடுத்துனு வந்தப்புறமும் எவன்கிட்ட குடுத்தாலும் லேசுல மாத்த முடியாது. ரெடிமேட் சட்ட எடுக்கறப்ப ஷோல்டர் சரியா உக்காருதான்னுதான் மொதல்ல பாப்போம், கை நீளமா இருந்தா லாங் பஜார் டெய்லர் மடிச்சி தெச்சி குடுத்துடுவாரு, ஷோல்டர மட்டும் தொடவே மாட்டாரு. அதனால நீ தேட வேண்டியது எவன் அதிகமா கஸ்டமைஸ் பண்ணித் தரான்னு இல்ல, எந்த மாடல்ல இந்த மாத்த முடியாத நாலு விஷயமும் ஏற்கனவே உன் கைக்கு சரியா இருக்குன்னு.

ஏன் மாத்த மாட்டேன்றாங்கன்னா, திமிர் இல்ல அது. இந்த ரேட்ல வர்ற பேஸ் எல்லாம் இந்தோனேசியாலயோ சைனாலயோ பெரிய ஃபேக்டரில லாட் லாட்டா வெட்றது. நெக் ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் வச்சி வெட்ற மிஷின்) ப்ரோக்ராம், ஃப்ரெட்டுக்கு கோடு கிழிக்கறது ஒரு ப்ரோக்ராம், பாடில குழி தோண்டற ரௌட்டிங் இன்னொண்ணு, பிரிட்ஜ் வெளில வேற ஒரு கம்பெனில இருந்து மொத்தமா வாங்கறது. ஸ்கேல ஒரு இன்ச் நீட்டினா ஃப்ரெட் எல்லாம் இடம் மாறும், பிரிட்ஜ் பின்னால போவும், பாடில தோண்ட்ற இடமும் மாறும், கேஸ் கூட மாறலாம், அது கஸ்டமைஸ் இல்ல, புது மாடலே ஆயிடுது. கலர் மாத்தறதுக்கு ஸ்ப்ரே கன்ல டப்பா மாத்தினா போதும். அதுக்கு மேல ஃபைவ் ஸ்ட்ரிங் வாங்கறவங்க நாலு ஸ்ட்ரிங் வாங்கறவங்கள விட கம்மி, அதனால நாலு ஸ்ட்ரிங்ல ஏழெட்டு கலர்ல வர்ற அதே மாடல் அஞ்சுல ரெண்டு கலர்லதான் வரும், இந்தியாவுக்கு அதுல ஒண்ணுதான் வரும். இடது கைக்காரங்க பாடு இன்னும் மோசம், அவங்களுக்கு கருப்பு கிடைச்சாலே அதிர்ஷ்டம்.

கஸ்டமைஸ் பண்ற கம்பெனிங்களே இல்லையான்னா, இருக்கு, ஆனா அவங்க கூட ஒரு கோட்ட தாண்ட மாட்டாங்க. ஃபெண்டர்ல மாட் ஷாப்னு ஒண்ணு வச்சிருக்காங்க, கலரு, நெக்கு, பிக்கப்பு, ஹார்ட்வேர்னு மெனுல இருந்து நீ எடுக்கலாம், மெனுவுக்கு வெளிய கேட்டா கிடையாது. கலிபோர்னியால கீசல், முன்னாடி கார்வின்னு இருந்தது, 2015ல பிரிஞ்சி கீசல் ஆச்சி, கடையே இல்லாம நேரா கஸ்டமருக்கு விக்கறாங்க, மரம், ஃபினிஷ், ஃபிங்கர்போர்ட், பிக்கப்புன்னு பெரிய லிஸ்ட்டே தருவாங்க, ஆனா அங்கயும் ஸ்கேல் மாடலோட சேந்தே வந்துடும். ஜெர்மனில வார்விக், கஸ்டம் ஷாப்ல நீ கேக்கறத செய்வாங்க, அதே கம்பெனியோட ராக்பேஸ் சைனால செய்யறது, அதுல கேட்லாக் இன்னாவோ அதுதான். லேக்லேண்ட் அமெரிக்கால செய்யறதுக்கு ஆப்ஷன் நெறய, இந்தோனேசியால செய்யற ஸ்கைலைனுக்கு ஏதோ கொஞ்சம். கனடால டிங்வால், அங்க கைல செய்யறதுக்கு ஒரு கணக்கு, சைனால செய்யற கம்பஸ்ஷன், என்ஜி சீரிஸுக்கு வேற கணக்கு. பாத்தியா, எல்லா எடத்துலயும் ஒரே கோடு. ரேட்டு ஏறினா ஆப்ஷன் ஏறும், உன் பட்ஜெட்ல எந்த நாட்லயும் எவனும் செஞ்சி தர மாட்டான். ஆர்டர் பண்ணி இந்தியாவுக்கு எடுத்துனு வந்தா கஸ்டம்ஸ் ட்யூட்டி, ஜிஎஸ்டி, ஷிப்பிங் எல்லாம் தலைல ஏறும், செட் ஆகலன்னா திருப்பி அனுப்பவும் முடியாது, கஸ்டம் ஆர்டர பொதுவா எவனும் வாபஸ் வாங்க மாட்டான்.

சரி, 35 இன்ச் ஏன் கேட்டன்னு எனக்கு தெரியும், லோ பி (அஞ்சாவதா கீழ வர்ற தடி ஸ்ட்ரிங்) டைட்டா இருக்கும்னு எங்கயோ படிச்சிருப்ப. பொய் இல்ல, ஆனா அளவு தெரிஞ்சிக்கோ. ஒரே ஸ்ட்ரிங்க ஒரே சுருதில கட்னா டென்ஷன் நீளத்தோட ஸ்கொயர் கணக்குல ஏறும். 34ல இருந்து 35க்கு போனா சுமார் 6 பர்சென்ட் ஏறும், அவ்ளோதான். டிங்வால் மாதிரி சாய்ஞ்ச ஃப்ரெட் வச்சி பி ஸ்ட்ரிங்க 37 இன்ச், ஜி ஸ்ட்ரிங்க 34 இன்ச்னு வைக்கறாங்களே, அங்க பி ஸ்ட்ரிங்ல 18 பர்சென்ட் ஏறும், அது கைல கண்டிப்பா தெரியும். இப்ப இத கேளு. பி ஸ்ட்ரிங் 125 கேஜ் (ஸ்ட்ரிங்கோட தடிமன்) போட்டிருக்கன்னு வையி, அத கழட்டிட்டு 130 போட்டா டென்ஷன் சுமார் 8 பர்சென்ட் ஏறுது. அதாவது ஒரு இன்ச் ஸ்கேல் நீட்டி கிடைக்கறத விட அதிகமா ஒரே ஒரு ஸ்ட்ரிங் மாத்தி எடுத்துடலாம். உடனே 35 இன்ச் வேஸ்ட்டான்னு கேக்காத, தடிமனான ஸ்ட்ரிங் கொஞ்சம் வெறைப்பா இருக்கும், மேல வர்ற ஹார்மானிக்ஸ் மங்கும், நீளமான ஸ்ட்ரிங்ல அது தெளிவா வரும், ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா 34 இன்ச்ல நல்ல பி கிடைக்காதுன்றது கட்டுக்கதை. மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5, 1987ல இருந்து வருது, 34 இன்ச்தான், அதோட பி ஸ்ட்ரிங்க யாரும் கொற சொல்லி நான் அதிகமா கேட்டதில்ல. நெக் ஜாயிண்ட் லூசா இருந்தா, நட்ல பி ஸ்ட்ரிங்குக்கு வெட்ன பள்ளம் சரியில்லன்னா, 36 இன்ச் இருந்தாலும் பி தொளதொளன்னுதான் இருக்கும். உன் உயரம், கை நீளத்தையும் சேத்து பாரு, 35ல முதல் ஃப்ரெட்டுக்கு கை இன்னும் கொஞ்சம் வெளில போவும், ரெண்டு மணி நேரம் கச்சேரில நின்னுகினு வாசிக்கறவன் தோள்பட்டைக்கு அது தெரியும்.

நான் இன்னா சொல்வேன்னா, உன் லிஸ்ட்ல 35 இன்ச்ச விட 19 மில்லிமீட்டர் ஸ்பேசிங்தான் உண்மையான கேள்வி. ஏன்னா நீ நாலு ஸ்ட்ரிங் ஜாஸ் பேஸ் டைப்புல வாசிச்சி பழகினவன், வலது கை விரல் அந்த இடைவெளிக்கு செட் ஆயிருக்கு. ஃபைவ் ஸ்ட்ரிங்ல கம்பெனிக்கு கம்பெனி இது மாறும். இபானெஸ் எஸ்ஆர் சீரிஸ் 16.5, ஸ்டிங்ரே 5ல 17.5, டிங்வால்ல 18, இபானெஸ்லயே பிடிபி சீரிஸ்ல 19, அதோட ஸ்கேலும் 35, அதாவது நீ மெயில்ல கேட்ட ரெண்டும் ஒரே மாடல்ல ரெடியாவே இருக்கு, ஆனா அது எடையும் ஜாஸ்தி, புதுசு உன் பட்ஜெட்டுக்கு மேல போகும், செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா பாரு. ஸ்பேசிங் சின்னதா இருந்தா நெக்கு ஒல்லியா இருக்கும், இடது கைக்கு சுகம், விரல்ல வேகமா ஓட்றவனுக்கு நல்லது. ஸ்லாப் பண்றவனுக்கு, அதாவது கட்டவிரலால ஸ்ட்ரிங்க தட்டி வாசிக்கறவனுக்கு, கட்டவிரல் ரெண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவுல எறங்கி ஏறணும்னா, 16.5ல இடிச்சிகினே இருக்கும். நீ சர்ச்ல பெருசா ஸ்லாப் பண்ண மாட்டே, ஆர்கெஸ்ட்ரால குத்துப் பாட்டுக்கு ரெண்டு தட்டு தட்டுவ, அவ்ளோதான். ஒரு ரூலர எடுத்து இப்ப வச்சிருக்கற பேஸ்ல பிரிட்ஜ் கிட்ட ஒரு ஸ்ட்ரிங்கோட நடுவுல இருந்து அடுத்த ஸ்ட்ரிங்கோட நடுவு வரைக்கும் அளந்து வச்சிக்கோ, கடைக்கு போறப்ப அந்த நம்பர் கைல இருக்கணும். நட் அகலமும் பாரு, ஃபைவ் ஸ்ட்ரிங்ல பொதுவா 45ல இருந்து 48 மில்லிமீட்டர் வரைக்கும் வரும், 3 மில்லிமீட்டர் தானேன்னு தோணும், கட்டவிரல் பின்னால சுத்தி வர்றப்ப தெரியும் அது எவ்ளோன்னு.

ஜாஸ் பிக்கப்பு வேணும்னு கேட்டதுல ஒண்ணு தெரிஞ்சிக்கோ. நாலு ஸ்ட்ரிங்ல ஜாஸ் பிக்கப்புக்கு ஒரு ஸ்டாண்டர்டு சைஸ் இருக்கு, எவன் பிக்கப்ப வாங்கினாலும் ஏறக்குறைய உக்காந்துடும். அஞ்சுல அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது, ஸ்பேசிங் கம்பெனிக்கு கம்பெனி மாறுதுல்ல, பிக்கப்பு நீளமும் மாறும். சோப்பு கட்டி மாதிரி இருக்கற சோப்பார் டைப்பு கொஞ்சம் பரவால்ல, ஈஎம்ஜில 35, 40, 45னு சைஸ் இருக்கு, சுமாரா மூன்ற இன்ச், நாலு இன்ச், நாலரை இன்ச், மத்த கம்பெனிங்களும் அந்த அளவுக்கு செஞ்சி விக்கறாங்க. அதனால பின்னாடி பிக்கப்பு மாத்தற எண்ணம் இருந்தா இப்பவே வாங்கற பேஸோட பிக்கப்பு நீளம் அகலத்த அளந்துடு, பொதுவான சைஸா இருந்தா உனக்கு பத்து வழி, வேற மாதிரி ஷேப்பா இருந்தா மரத்த தோண்டணும், அந்த வேலைக்கு போகாத. நம்ம ஊர்ல இன்னொரு காரணமும் கீது. ஜாஸ் பிக்கப்பு சிங்கிள் காயில், ஒரு பிக்கப்ப மட்டும் ஏத்தினா உஸ்ஸுன்னு ஒரு ஹம் வரும், திருவிழா மேடைல ஜெனரேட்டர், சீரியல் லைட்டு, எர்த்திங்னா இன்னான்னு கேக்கற வயரிங், அங்க அந்த ஹம் ஸ்பீக்கர்ல பாட்டோட போட்டி போடும். ஹம்ம அடக்கற ரெண்டு காயில் பிக்கப்பு, அதாவது ஹம்பக்கர், இருந்தா நிம்மதி.

பேஸுக்குள்ளயே சவுண்ட ஏத்திக் குடுக்கற ப்ரீஆம்ப் விஷயத்துல அதிகமா யோசிக்காத, அது மாத்தக்கூடிய லிஸ்ட். ப்ரீஆம்ப் இருக்கற ஆக்டிவ் பேஸ்ல 9 வோல்ட் பேட்டரி இருக்கும், கேபிள் சொருகினாலே ப்ரீஆம்ப் ஆன் ஆயிடும், பிராக்டீஸ் முடிஞ்சி கேபிள புடுங்காம ஸ்டாண்ட்ல வச்சிட்டு வந்தா ஞாயித்துக்கிழம ஆராதனை நடுவுல செத்துடும். பேட்டரி போனாலும் சவுண்ட் வர்ற மாதிரி பேசிவ் ஸ்விட்ச் இருக்கற மாடலா பாத்தா நல்லது. இல்லன்னா பேக்ல ஒரு ஸ்பேர் பேட்டரி, அவ்ளோதான் இதுக்கு வைத்தியம். நட்டு, ட்யூனிங் கீ, பிரிட்ஜ், ஸ்ட்ராப் லாக், ஸ்ட்ரிங், பிக்கார்டு, எல்லாமே அப்புறம் மாத்திக்கலாம். உன் நீலக் கலர கூட கார் பெயிண்டர் அடிச்சி குடுத்துடுவாரு, நான் சிபாரிசு பண்ணல, முடியும்னு சொல்றேன்.

இப்ப மாடலு. இந்த ரேட்டு பக்கத்துல கடைல சாதாரணமா பாக்கக்கூடியது யமஹா டிஆர்பிஎக்ஸ் 305, மஹாகனி பாடி, மேப்பிளும் மஹாகனியும் அஞ்சு பட்டையா ஒட்ன நெக்கு, 34 இன்ச், 24 ஃப்ரெட்டு, ஆக்டிவ். அதுல அஞ்சு சவுண்டு வச்ச ஒரு ஸ்விட்ச் இருக்கு, ஸ்லாப்பு, பிக்கு, ஃபிளாட்டு, ஃபிங்கர், சோலோன்னு, விளையாட்டு சாமான் மாதிரி தெரியும், ஆனா சவுண்டு செக்குக்கு நேரமே குடுக்காத மேடைல ரொம்ப உபயோகம். அடுத்தது இபானெஸ் எஸ்ஆர் 305, ஒல்லி நெக்கு, எடை கம்மி, ஸ்பேசிங் 16.5, கை சின்னதா இருக்கறவங்க கண்ண மூடிகினு எடுக்கலாம். ஸ்குவயர்ல ஜாஸ் பேஸ் அஞ்சு ஸ்ட்ரிங் வருது, உன் கைக்கு பழகின ஷேப்பு. கோர்ட்லயும் அஞ்சு ஸ்ட்ரிங் நெறய கீது. நீ சொன்னத வச்சி பாத்தா மொதல்ல யமஹாவ எடுத்து வாசிச்சி பாப்பேன், பிடிக்கலன்னா ஸ்குவயர், எஸ்ஆர் கடைசியா, ஏன்னா அகலமா பழகின கைக்கு அது திடீர்னு நெருக்கடியா இருக்கும், சில பேரு ஒரு வாரத்துல பழகிடுவாங்க, சில பேருக்கு கடைசி வரைக்கும் செட் ஆவாது. ஆனா ஆன்லைன்ல ஆர்டர் போடாத. ஒரே மாடல்ல ரெண்டு பீஸ் பக்கத்துல வச்சி வாசிச்சா பி ஸ்ட்ரிங் ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது, இத ஒரு தடவ காதால கேட்டா நம்புவ. காட்பாடில ட்ரெயின் ஏறினா மெட்ராஸ் ரெண்டு மணி நேரம், மவுண்ட் ரோட்ல மியூசி மியூசிகல் 1842ல இருந்து இருக்கற கட, இன்னும் ரெண்டு மூணு கடையும் ஒரே நாள்ல பாத்துடலாம். போன் பண்ணி ஃபைவ் ஸ்ட்ரிங் டிஸ்ப்ளேல இருக்கான்னு கேட்டுட்டு போ, போயி நின்னப்புறம் ஆர்டர் போட்டாத்தான் வரும் சார்னுவாங்க.

கடைல இன்னா பண்ணணும்னா, ஆம்ப்ல சொருகறதுக்கு முன்னாடி மடில வச்சி சும்மா வாசி. மொதல்ல ட்யூன் பண்ணு, கிளிப் ட்யூனர் லோ பிய சரியா புடிக்காது, முள்ளு ஆடிகினே இருக்கும், 12வது ஃப்ரெட் மேல விரல லேசா வச்சி ஹார்மானிக் அடிச்சா புடிச்சிக்கும். அப்புறம் பி ஸ்ட்ரிங்ல அஞ்சாவது ஃப்ரெட்ட அழுத்தி அடி, உடனே ஓபன் ஈ அடி, ரெண்டும் ஒரே சுருதி. ரெண்டுத்துக்கும் சவுண்டு ஒரே குடும்பமா இருக்கணும், பில வந்தது மட்டும் போர்வ போத்தின மாதிரி இருந்தா அந்த பீஸ வச்சிடு, இல்ல ஸ்ட்ரிங் பழசான்னு கேளு, டிஸ்ப்ளே பீஸ்ல ஸ்ட்ரிங் எந்த காலத்துதோ. அதுக்கப்புறம் பி ஸ்ட்ரிங்ல 12வது ஃப்ரெட்ட அழுத்தி அடி, அதே எடத்துல ஹார்மானிக்கும் அடி. அழுத்தினது சுருதி ஏறி வந்தா சாடில, அதாவது பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற துண்ட, பின்னால தள்ளணும், இப்ப பிரிட்ஜ குனிஞ்சி பாரு, பி சாடில் ஏற்கனவே பின்னால சுவத்துல முட்டிகினு ஸ்பிரிங் நசுங்கி கெடந்தா அதுக்கு மேல போக வழியே கிடையாது, அந்த பேஸ்ல 12க்கு மேல பி எப்பவும் கொஞ்சம் ஏத்தமாத்தான் இருக்கும். தடிமனான ஸ்ட்ரிங்குக்கு சாடில் நெறய பின்னால போகணும், சீப்பான பிரிட்ஜ்ல அந்த இடம் விட்டிருக்க மாட்டாங்க. ஹெட்ஸ்டாக் பக்கத்துல இருந்து ஒரு கண்ண மூடி நெக்க நெடுக பாரு, முறுக்கு இருக்கான்னு. ஜி ஸ்ட்ரிங்க மேல ஃப்ரெட்ல அழுத்திட்டு லேசா கீழ இழுத்து பாரு, ஓரத்துல நழுவி விழுந்தா நெக்கு நேரா உக்காரல. கடைசியா ஸ்ட்ராப் போட்டு நின்னு ரெண்டு கையையும் விட்டுடு, ஹெட்ஸ்டாக் தரைய பாத்து எறங்கினா நெக் டைவ், அஞ்சு கீ ஒரு பக்கம் தொங்கற எடைக்கு இது சகஜம், லேசா இருந்தா அகலமான லெதர் ஸ்ட்ராப்பு சரி பண்ணிடும், ஆம்பூர் ராணிப்பேட்டைய வச்சிகினு லெதருக்கு நாம கவலப்படவா போறோம்.

வாங்கினப்புறம் நீ ஏமாறப்போற ஒரு எடம் இருக்கு, அத இப்பவே சொல்லிட்றேன். லோ பி 31 ஹெர்ட்ஸ், ஈ 41. நம்ம சர்ச்ல இருக்கற ஸ்பீக்கர், திருவிழால சவுண்டு சர்வீஸ்காரரு கொண்டாந்து வைக்கற டாப் பாக்ஸு, பாதிக்கு மேல 50, 60 ஹெர்ட்ஸுக்கு கீழ ஒழுங்கா தராது. அப்ப ஆடியன்ஸ் கேக்கறது அந்த 31 இல்ல, அதோட டபுள் 62, அதுக்கு மேல 93, காது அத வச்சி கீழ இருக்கறத தானா பூர்த்தி பண்ணிக்குது. அதனால பேஸ் நாப்ப முழுசா ஏத்தினா கொழகொழன்னு ஆகுமே தவிர பி கேக்காது, மிட்ஸ் கொஞ்சம் ஏத்து, பிரிட்ஜ் பிக்கப்ப கூட்டு, அப்பதான் நோட்டு இன்னான்னு தெரியும். குடியாத்தம் சிரசு திருவிழா மாதிரி கூட்டம் இருக்கற எடத்துல மிக்சர்ல உக்காந்திருக்கறவரு பாதுகாப்புக்கு பேஸ் சேனல்ல லோ கட் (கீழ் சவுண்ட வெட்ற ஸ்விட்ச்) போட்டு வச்சிருப்பாரு, மேடை ஏறறதுக்கு முன்னாடி போயி அண்ணா அந்த லோ கட்ட எடுத்து விடுங்கன்னு பணிவா ஒரு வார்த்த சொல்லிட்டு வா. அவரு எடுப்பாரு, ரெண்டாவது பாட்ல திரும்ப போட்டுடுவாரு, அது வேற.

அப்ப அஞ்சாவது ஸ்ட்ரிங் எதுக்குன்னா, ஆழத்த விட சவுகரியத்துக்குத்தான். சர்ச்ல ஒரு அக்கா பாட வந்து சுருதி ஒத்து வரலன்னா கீபோர்டுக்காரன் ட்ரான்ஸ்போஸ் பட்டன ஒரு தட்டு தட்டிட்டு சிரிச்சிகினு உக்காந்திருப்பான், ஈ ஃபிளாட்டுக்கு போன பாட்ல நாலு ஸ்ட்ரிங்காரன் மட்டும் கீழ நோட்டு இல்லாம மேல ஏறி எறங்கினு இருப்பான். அஞ்சுல லோ ஈ ஃபிளாட், டி, சி எல்லாம் கீழயே கிடைக்கும், கைய அஞ்சாவது ஃப்ரெட் கிட்ட வச்சிட்டா ஓபன் ஸ்ட்ரிங்க நம்பாம எந்த கீயா இருந்தாலும் ஒரே வடிவத்துல வாசிக்கலாம். டிசம்பர்ல கேரல்ஸ் சீசன்ல இது எவ்ளோ பெரிய உதவின்னு உனக்கே தெரியும். சொல்லப்போனா அஞ்சு ஸ்ட்ரிங் ஆரம்பிச்சதே ஆழத்துக்கு இல்ல, 1965ல ஃபெண்டர் பேஸ் 5னு விட்டாங்க, அதுல எக்ஸ்ட்ரா ஸ்ட்ரிங் மேல ஹை சி, ஃப்ரெட்டு மொத்தமே 15, எவனும் வாங்கல. கீழ பி வேணும்னு அடம் புடிச்சது அமெரிக்க பேஸ் ப்ளேயர் ஆண்டனி ஜாக்சன், 1975ல கிட்டார் செய்யற கார்ல் தாம்சன்கிட்ட சொல்லி ஆறு ஸ்ட்ரிங்கே செய்ய வச்சாரு, அதுக்கப்புறம்தான் லோ பி ஊர் பழக்கமாச்சி.

இதெல்லாம் கேட்டுட்டு அண்ணா காச இப்பவே எறக்கணுமான்னு தோணுச்சின்னா, ஒரு குறுக்கு வழி. ஃபைவ் ஸ்ட்ரிங் செட் ஒண்ணு வாங்கு, அதுல இருக்கற ஜிய தூக்கி ஓரமா வச்சிட்டு பி, ஈ, ஏ, டி நாலையும் உன் நாலு ஸ்ட்ரிங்ல மாட்டு. கீழ பி கெடச்சிடுச்சி, மேல ஜி போச்சி, சர்ச் பாட்டுக்கு ஜிய எத்தன தடவ தொட்றன்னு யோசி. நட்ல பள்ளத்த கொஞ்சம் அகலப்படுத்தணும், நெக்குக்குள்ள வளைவ சரி பண்ற ட்ரஸ் ராட் கம்பிய லேசா திருப்பணும், சாடில நகத்தி சுருதிய (இன்டொனேஷன்) செட் பண்ணணும், திரும்ப பழைய மாதிரி ஆக்கணும்னா புது நட்டு போடணும், அவ்ளோதான் செலவு. ரெண்டு மூணு மாசம் வாசிச்சா லோ பி உனக்கு உண்மையா வேணுமான்னும் தெரிஞ்சிடும். இன்னொரு வழி, பெங்களூர் மாதிரி ஊர்ல கைல கிட்டார் செய்யற லூத்தியருங்க இருக்காங்க, அவங்ககிட்ட நீ கேட்ட 35, 19, நீலம் எல்லாமே நடக்கும், ஆனா ரேட்டு உன் பட்ஜெட்ட விட நல்லாவே மேல, மாசக்கணக்குல காத்திருக்கணும், மறுபடி விக்கப் போனா பாதி வெலைக்கு கூட கேக்க ஆள் இருக்காது. மொத ஃபைவ் ஸ்ட்ரிங்குக்கு அது வேணாம். உனக்கு எந்த ஸ்பேசிங், எந்த நெக்குன்னு ஒரு ஃபேக்டரி பீஸ்ல கொஞ்ச வருஷம் வாசிச்சாத்தான் லூத்தியர்கிட்ட சொல்லவே தெரியும்.

செட்டப் பத்தி கொஞ்சம். நம்ம ஊர் வெயில் தெரியும்ல, ஏப்ரல் மே மாசத்துல 40 டிகிரிய தாண்டி காயவிடும், ஐப்பசி மழைல ஈரம் ஏறும், ஃபைவ் ஸ்ட்ரிங் நெக்கு ரெண்டுத்துக்கும் ஆடும். முதல் ஃப்ரெட்ல கேப்போ போட்டு கடைசி ஃப்ரெட்ட அழுத்திகினு ஏழு எட்டாவது ஃப்ரெட் கிட்ட ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல பாரு, 0.3 மில்லிமீட்டர் பக்கம் இருந்தா சரி. ட்ரஸ் ராட கால் சுத்துக்கு மேல ஒரே தடவைல திருப்பாத, திருப்பிட்டு ஒரு நாள் விடு. 12வது ஃப்ரெட்ல பி ஸ்ட்ரிங் ரெண்டர மில்லிமீட்டர் உயரம், ஜி ரெண்டு, இதுல ஆரம்பிச்சி உன் கைக்கு ஏத்த மாதிரி கூட்டிக் கொறச்சிக்கோ, பிய ரொம்ப எறக்கினா அது ஆட்றதுக்கு இடமில்லாம ஃப்ரெட்ல கடகடன்னு அடிக்கும். பஸ்ல இஞ்சின் மேல வச்சிகினு போறது, வெயில்ல நிக்கற கார் டிக்கில போட்டு வைக்கறது, ரெண்டும் வேணாம்.

அந்த கம்பெனிக்கோ கடைக்கோ திரும்ப மெயில் போட்றதா இருந்தா செஞ்சி தருவீங்களான்னு கேக்காத, இருக்கற பீஸ பத்தி கேளு. அந்த குறிப்பிட்ட பீஸோட எடை எத்தன கிலோ, நட் அகலம், பிரிட்ஜ்ல ஸ்பேசிங், பிக்கப்பு நீளம், ஃபேக்டரில இருந்து வர்றப்ப பி ஸ்ட்ரிங் எத்தன கேஜ், பேட்டரி செத்தா சவுண்டு வருமா, பி சாடில் தெரியற மாதிரி பிரிட்ஜோட ஒரு போட்டோ. இதுக்கு பதில் சொல்ல அவனுக்கு ஒரு இன்ச் டேப்பும் அஞ்சு நிமிஷமும் போதும், சொல்ல மாட்டேன்னா வேற கடைய பாரு. பதில் வந்ததும் இங்கயே போடு, பாத்துட்டு சொல்றேன்.